சாவியோடு தர வேண்டிய சொல்

கோடையில் ஏற்காட்டுக்கு வாடகை வீடு பார்க்க வருபவரின் கண்ணில் முதலில் படுவது வீட்டின் முன்பக்கம்தான். வாசலில் நின்றால் காப்பித் தோட்டம், அதற்கு நிழலாக நட்ட சில்வர் ஓக் மரங்கள், அவற்றில் ஏறிய மிளகுக் கொடி. குழாயில் தண்ணீர் வருகிறதா, கரண்ட் மீட்டர் தனியா, அட்வான்ஸ் எவ்வளவு என்று கேட்டுவிட்டுச் சாவியை வாங்கிக்கொள்வார். பின்பக்கம் போய்ப் பார்ப்பவர் குறைவு. மலையை வெட்டி வீட்டுக்கு இடம் எடுத்திருப்பது அங்கேதான். இரண்டாள் உயரத்துக்குச் செங்குத்தாக நிற்கும் செம்மண் மேடு, அதைத் தாங்க ஒரு கருங்கல் தடுப்புச் சுவர், தண்ணீர் வடியச் சுவரில் விட்ட துளைகள். மே மாதத்தில் எல்லாம் காய்ந்து அமைதியாக இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் அந்தத் துளைகளில் தெளிந்த தண்ணீர் வருமா, சேறு வருமா, அல்லது துளை அடைத்துப்போய் எதுவுமே வராதா என்பது வீட்டுக்காரருக்குத் தெரியும். குடிவருகிறவருக்குத் தெரியாது. தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்ல வேண்டுமா? சொல்ல வேண்டும் என்று நம் சட்டம் 1882-லேயே எழுதி வைத்துவிட்டது. ஆனால் எதை, எப்போது, எந்த வடிவில் சொல்வது என்பதை அது திறந்தே விட்டிருக்கிறது. சமவெளியில் இந்த இடைவெளியால் பெரிய தீங்கு வராமல் போகலாம். மலையில் இதைத் திறந்தபடி விட முடியாது.

மலையில் வீடு என்பது நான்கு சுவரோடு முடிவதில்லை. மேலே இருக்கும் சரிவும் கீழே இருக்கும் கரையும் சேர்ந்துதான் வீடு. ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலை கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்தது. ஏற்காடு ஊர் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சேர்வராயன் கோயில் இருக்கும் உச்சி 1,600 மீட்டரைத் தாண்டும். அடியில் இருப்பது சார்னோகைட் என்ற கடினமான பாறை. அதன்மேல், வெயிலும் மழையும் யுகயுகமாக அந்தப் பாறையைச் சிதைத்து உண்டாக்கிய செம்மண். உச்சிப் பகுதிகளில் பாக்சைட். இறுகிய பாறைமேல் தளர்ந்த மண் உட்கார்ந்திருக்கும் இடத்தில் மழை ஊறினால், தண்ணீர் பாறையைத் துளைத்துக்கொண்டு போக முடியாமல் இரண்டுக்கும் நடுவில் தேங்குகிறது. மண்ணின் கனம் கூடுகிறது, மண்துகள்களுக்கு இடையே நீரின் அழுத்தம் ஏறுகிறது, பிடிமானம் தளர்கிறது. இவ்வளவும் இயற்கை. மனிதர் செய்வது இதற்கு மேல்: சரிவின் அடியை வெட்டி அதற்கு இருந்த தாங்கலை எடுத்துவிடுவது, ஓடை போகும் பாதையில் கட்டடம் எழுப்புவது, கழிவுநீர் உறிஞ்சுகுழியை வீட்டுக்கு மேற்புறச் சரிவிலேயே தோண்டி ஆண்டு முழுவதும் மண்ணை நனைத்துக்கொண்டிருப்பது.

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்தது. கடற்கரையிலிருந்து வெகு தொலைவில் இருக்கும் சேர்வராயன் மலையில் அதற்கடுத்த நாள்களில் கொட்டிய மழையில், இருபது கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட சேலம் – ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. அதே மழையில், டிசம்பர் 1 அன்று திருவண்ணாமலையில் மலையடிவாரக் குடியிருப்பு ஒன்றின்மீது மண்ணும் பாறையும் சரிந்து ஒரே வீட்டுக்குள் 7 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் குழந்தைகள். சாலையில் சரிந்த மண்ணை ஜேசிபி வைத்து அள்ளிவிடலாம். ஊரும் அதைப் பார்க்கிறது, செய்தியும் வருகிறது. ஒரு வீட்டின் பின்பக்கத்தில் கூடையளவு மண் சரிந்தால் வீட்டுக்காரர் ஆள் வைத்து அள்ளிப்போட்டு, சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, அடுத்த கோடையில் வேறொருவருக்கு வாடகைக்கு விடுவார். அந்தக் கூடை மண் எந்தக் கணக்கிலும் ஏறாது. ஆனால் பெரிய சரிவு வரும் இடத்தைப் பல சமயங்களில் முன்கூட்டிக் காட்டிக்கொடுப்பது அதுதான்.

இப்போது சட்டம் சொல்வதைப் பார்ப்போம். 1882-ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 108-ஆவது பிரிவு, வாடகைக்கு விடுபவர், எடுப்பவர் இருவரின் கடமைகளையும் வரிசைப்படுத்துகிறது. அந்த வரிசையில் முதல் உட்பிரிவே சொல்ல வேண்டிய கடமைதான். வாடகை வாங்குவதற்கும் காலி செய்வதற்கும் முன்னால் அதை வைத்திருக்கிறார்கள். எந்தப் பயன்பாட்டுக்காகச் சொத்து விடப்படுகிறதோ அதைப் பாதிக்கும் முக்கியமான குறை இருந்து, அது விடுபவருக்குத் தெரிந்து, எடுப்பவருக்குத் தெரியாமல், சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் அவரால் கண்டுபிடிக்க முடியாததாக இருந்தால், அதைச் சொல்லியாக வேண்டும். இந்த நான்கு நிபந்தனைகளையும் அந்தப் பின்சுவரில் பொருத்திப் பாருங்கள். குடும்பம் உறங்குவதற்காக விடப்படும் வீட்டுக்கு மேலே நிற்கும் தளர்ந்த மண் முக்கியமான குறைதான். ஒவ்வொரு மழைக்கும் மண்ணை அள்ளிய வீட்டுக்காரருக்கு அது தெரியும். புதிதாக வருபவருக்குத் தெரியாது. மே மாத வெயிலில் எவ்வளவு கூர்ந்து பார்த்தாலும் கார்த்திகை மழையின் தடம் சுண்ணாம்புக்கு அடியில்தான் இருக்கும். நான்கும் பொருந்துகின்றன.

அப்படியானால் குறை எங்கே? சட்டத்தின் அடுத்தடுத்த வரிகளில் இருக்கிறது. அதே சட்டத்தின் 55-ஆவது பிரிவு சொத்து விற்பனையைப் பற்றியது. விற்பவரும் மறைந்திருக்கும் குறையைச் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் அது மோசடி என்று அந்தப் பிரிவு வெளிப்படையாக முடிகிறது. வாடகைப் பிரிவில் அப்படியொரு வரி இல்லை. மேலும், மாறான ஒப்பந்தமோ உள்ளூர் வழக்கமோ இல்லாதபோதுதான் 108-இல் உள்ள கடமைகள் பொருந்தும். ‘உள்ளது உள்ளபடி பார்த்து ஏற்றுக்கொண்டேன்’ என்று ஒப்பந்தத்தில் ஒரு வாசகத்தைச் சேர்த்துவிட்டு, கடமை தீர்ந்தது என்று வாதாட வழி இருக்கிறது. வீடு வாங்குபவரின் பணத்துக்குக் கிடைக்கும் பாதுகாப்பு, வீட்டில் குடியிருப்பவரின் உயிருக்கு அதே உறுதியோடு கிடைக்கவில்லை.

இன்னும் வியப்பானது, ஒரே மலையில் ஒரே மாதிரியான கூரைக்கடியில் படுப்பவர்களுக்கு வெவ்வேறு சட்டங்கள் இருப்பது. வார இறுதிக்கு வந்து காட்டேஜில் தங்குபவரை எடுத்துக்கொள்வோம். அவருக்கு இருப்பது குத்தகை உரிமை கிடையாது, தங்கிப் போகும் அனுமதி மட்டுமே. அதே 1882-இல் வந்த வசதியுரிமைகள் சட்டத்தின் 57-ஆவது பிரிவு, அனுமதி தருபவர், ஆளுக்கோ பொருளுக்கோ ஆபத்து விளைவிக்கக்கூடிய குறை தமக்குத் தெரிந்திருந்தால் சொல்லியாக வேண்டும் என்கிறது. ‘ஆபத்து’ என்ற சொல்லையே அது நேராகப் பயன்படுத்துகிறது. பணம் கொடுத்துத் தங்குவது சேவை என்பதால் 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் அவருக்குத் துணை வரும். தொடர்புள்ள தகவலை வேண்டுமென்றே மறைப்பதைச் சேவைக் குறைபாடு என்று அது வரையறுக்கிறது. அடுத்து, எஸ்டேட் லைன் வீட்டில் இருக்கும் தொழிலாளி. 1820-களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் காலத்தில் காப்பி வந்ததிலிருந்து இந்த மலையின் பொருளாதாரத்தைத் தாங்கியவர்கள் தோட்டத் தொழிலாளர்கள். தோட்ட நிர்வாகம் தந்த வீடு இடிந்து தொழிலாளியோ குடும்பத்தினரோ இறந்தால் அல்லது காயமடைந்தால் நிர்வாகம் இழப்பீடு தர வேண்டும் என்று 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டத்தில் 1981-இல் தனிப் பிரிவுகளே சேர்க்கப்பட்டன. இரண்டு நாள் விருந்தாளிக்கு ஒரு பாதுகாப்பு, லைன் வீட்டுக்காரருக்கு ஒரு பாதுகாப்பு. இடையில் மாத வாடகைக்கு ஆண்டுக்கணக்கில் குடியிருக்கும் ஆசிரியர், கடை ஊழியர், ஓட்டுநர் குடும்பங்களுக்குத்தான் ஆகப் பழைய, ஆக மெலிந்த வாசகம் மிஞ்சுகிறது.

2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் புதிய வாடகைச் சட்டம் எழுத்து மூலமான ஒப்பந்தத்தைக் கட்டாயமாக்கியது. யார் எதைப் பழுது பார்க்க வேண்டும் என்று ஒரு பட்டியலையும் தந்தது. கட்டடத்தின் அமைப்புசார்ந்த பழுது, வெள்ளையடிப்பு, குழாய் மாற்றுவது, மின்கம்பி இவை வீட்டுக்காரர் பொறுப்பு. குழாயின் வாஷர், சுவிட்ச், பூட்டு, ஜன்னல் கண்ணாடி போன்றவை குடியிருப்பவர் பொறுப்பு. நகரத்து அடுக்குமாடியை மனத்தில் வைத்து எழுதிய பட்டியல் என்பது படித்தாலே தெரிகிறது. குழாய் வாஷருக்கு அதில் இடம் இருக்கிறது. வீட்டுக்கு மேல் சாய்ந்து நிற்கும் மரத்துக்கும் பின்னால் நிற்கும் மண்மேட்டுக்கும் இல்லை.

இந்தக் கடமையைத் தெளிவாக எழுத வேண்டும் என்றால் உடனே வரும் மறுப்பு இது: மலைக்கு வருகிறவருக்கு மலையில் மண் சரியும் என்று தெரியாதா? கண்முன் நிற்பதை எதற்குச் சொல்ல வேண்டும்? இதில் பாதி நியாயம் இருக்கிறது. கண்ணுக்குத் தெரிவதைச் சொல்லச் சட்டமும் கேட்கவில்லை. வீடு சரிவில் இருக்கிறது என்பது எவருக்கும் தெரியும். எந்தச் சரிவு போன மழையில் அசைந்தது என்பது தெரியாது. தடுப்புச் சுவர் நிற்பது தெரியும். அது ஒருமுறை வயிறு தள்ளி, பிரித்துக் கட்டப்பட்டது என்பது தெரியாது. காட்டெருமைகள் இந்த மலையில் உண்டு என்று படித்திருக்கலாம். அவை விடியற்காலையில் இந்த வீட்டு வேலியோரமாகத்தான் தண்ணீருக்குப் போகின்றன என்பது தெரியாது. பொதுவாக மலையைப் பற்றிய அறிவு எல்லோருக்கும் உண்டு. இந்த ஒரு மனையைப் பற்றிய அறிவு ஒருவரிடம்தான் இருக்கிறது. கடமை பிறப்பது அந்த இரண்டாவது அறிவிலிருந்து.

இரண்டாவது மறுப்பு: வீட்டுக்காரர் என்ன புவியியல் நிபுணரா? இல்லை, அவர் நிபுணராக வேண்டியதும் இல்லை. அவரிடம் கேட்பது ஆய்வறிக்கையை அல்ல, நினைவில் இருப்பதை. பின்மேட்டிலிருந்து எப்போதாவது மண் விழுந்ததா? மழைக்காலத்தில் தரையில் ஊற்று வருகிறதா? கதவு, ஜன்னல் திடீரென்று இறுகிக்கொண்டதுண்டா? சுவரில் படிக்கட்டு மாதிரி இறங்கும் விரிசல் இருந்து பூசி மறைத்ததா? கழிவுக்குழி எங்கே இருக்கிறது, அதன் மூடி ஆள் ஏறினால் தாங்குமா? எந்த மரம் எந்தப் பக்கம் சாய்கிறது? இவற்றுக்குப் பதில் சொல்ல அங்கே நான்கு மழை கண்டிருந்தால் போதும். அவருக்குத் தெரியாததைச் சொல்ல வேண்டிய பொறுப்பு அரசுடையது. 2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி ஒவ்வொரு மாவட்டத்துக்கும் திட்டம் இருக்க வேண்டும், அதில் பாதிப்புக்குள்ளாகும் பகுதிகள் குறிக்கப்பட வேண்டும். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை நாடெங்கும் நிலச்சரிவு வாய்ப்புள்ள பகுதிகளை வரைபடமாக்கியிருக்கிறது. ஜப்பானில் இந்த இரண்டு அறிவையும் ஒப்பந்த மேசையிலேயே சேர்த்துவிட்டார்கள். வீடு தரகர் வழியாக வாடகைக்குப் போனால், அது மண்சரிவு எச்சரிக்கை வட்டாரத்தில் இருக்கிறதா என்று கையெழுத்துக்கு முன்பே சொல்ல வேண்டும். 2020 ஆகஸ்டிலிருந்து வெள்ள அபாய வரைபடத்தில் வீடு எங்கே இருக்கிறது என்பதையும் காட்ட வேண்டும். அங்கே வீட்டுக்காரர்கள் நிபுணர்களாகிவிடவில்லை. இருக்கிற வரைபடத்தை விரித்துக் காட்டுகிறார்கள், அவ்வளவுதான்.

மூன்றாவது மறுப்பு, மழை கடவுள் செயல், அதற்கு மனிதர் எப்படிப் பொறுப்பு என்பது. மேலே சொன்ன தோட்டத் தொழிலாளர் சட்டமே இயற்கைப் பேரிடரால் இடிந்தால் இழப்பீடு இல்லை என்று விலக்குத் தந்தது. 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு அருகே பெட்டிமுடியில் லயங்கள் எனப்படும் தேயிலைத் தோட்ட லைன் வீடுகள்மீது மலை சரிந்து 70 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள். அப்படிப்பட்ட பெருமழையை எந்த உரிமையாளரும் தடுக்க முடியாதுதான். ஆனால் இங்கே இரண்டு கேள்விகளைக் குழப்பிக்கொள்கிறோம். சேதத்துக்கு யார் ஈடு தருவது என்பது ஒரு கேள்வி. தெரிந்ததைச் சொன்னாயா என்பது வேறு கேள்வி. மழை இயற்கையாக இருக்கலாம். சொல்லாமல் இருந்தது இயற்கை இல்லை. இதைப் பிரித்துப் பார்த்தால் உரிமையாளரின் சுமையும் குறைகிறது. மலையைப் பிடித்து நிறுத்தச் சொல்லவில்லை. கனமழை எச்சரிக்கை வந்தால் இந்த அறையில் படுக்காதீர்கள் என்று சொல்லச் சொல்கிறோம்.

நான்காவது, வெளியே பேசாமல் உள்ளே நினைப்பது: இதையெல்லாம் சொன்னால் யார் குடிவருவார்கள், சீசனில் அறை எப்படி நிரம்பும்? வாடகை கொஞ்சம் குறையலாம். குறைய வேண்டியதும்தான், ஆபத்துக்கும் ஒரு விலை உண்டு. அதை மறைத்து வாங்கும் வாடகையில் ஒரு பகுதி குடியிருப்பவரின் அறியாமைக்குப் போட்ட விலை. ஆனால் பெரும்பாலான எச்சரிக்கைகள் யாரையும் விரட்டுவதில்லை. 2024-இல் கொடைக்கானலில் குளிருக்கு அறைக்குள் கரி அடுப்பை வைத்துக்கொண்டு உறங்கிய இளைஞர்கள் இருவர் காலையில் எழவில்லை. மூடிய அறையில் எரியும் கரி வெளியிடும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினை அது ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பற்றிக்கொள்கிறது; தூக்கத்திலேயே உயிர் போய்விடும். சமவெளியிலிருந்து வருகிறவருக்குக் கதவை அடைத்துக் குளிர் காயும் பழக்கமே இருந்திருக்காது. ‘அடுப்பை அறைக்குள் கொண்டு போகாதீங்க’ என்று சாவி தரும்போது சொல்லும் ஒரு வாக்கியத்தால் எந்த ஏற்காட்டுக் காட்டேஜும் காலியாகிவிடாது.

இந்த நான்கையும்விடக் கடினமான மறுப்பு எதிர்த்திசையிலிருந்து வருகிறது. எச்சரிக்கை ஒரு தாளாகிவிட்டால், அதில் கையெழுத்து வாங்கிக்கொண்டு உரிமையாளர் கை கழுவிவிட மாட்டாரா? ‘சொன்னேனே, கேட்கவில்லை’ என்ற வாசகம் ஏழைக் குடியிருப்பவரின் தலையில் விழாதா? இந்த அச்சத்துக்கு ஆதாரம் இருக்கிறது. இலங்கையின் பதுளை மாவட்டத்தில் கொஸ்லாந்தைக்கு அருகே மீரியபெத்தை தோட்டத்தில் 2014 அக்டோபர் 29 காலை மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று தேசியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005-லும் 2011-லும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை இருந்தது, போக வேறு வீடு இல்லை. போக்கிடம் இல்லாதவரிடம் ஆபத்தைச் சொல்வது மட்டும் போதாது. ஆகவே சொல்லும் கடமை செய்யும் கடமைக்கு மாற்றாகக் கூடாது, அதன் முதல் படியாக இருக்க வேண்டும். எழுதிச் சொன்ன குறை, உரிமையாளருக்குத் தெரிந்திருந்ததற்கு அவரே தந்த சாட்சி. தாம் செய்ய வேண்டிய பழுதை அறிவிப்புக்குப் பின்னும் அவர் நியாயமான காலத்துக்குள் செய்யாவிட்டால், குடியிருப்பவரே செய்து வாடகையில் கழித்துக்கொள்ளலாம் என்று அதே 108-ஆவது பிரிவு சொல்கிறது. புயலிலோ வெள்ளத்திலோ வீடு நிரந்தரமாகக் குடியிருக்க லாயக்கற்றுப் போனால் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளவும் உரிமை தருகிறது. தாள் இல்லாமல் இந்த உரிமைகளை நிரூபிப்பது கடினம். தாள் உரிமையாளரைக் காப்பாற்றும் என்று அஞ்சுகிறோம். சரியாக எழுதினால் அது அவரைக் கட்டும்.

யாரிடம் சொல்வது என்பதும் சிறிய விஷயமில்லை. 1906-இல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை ஒரு வழக்கைத் தீர்த்தது. பழுதான சமையலறைத் தரை உள்வாங்கி வாடகைதாரரின் மனைவி காயமடைந்தார். சரிசெய்து தருவதாக உரிமையாளர் ஒத்துக்கொண்டு செய்யாமல் விட்டிருந்தார். ஆனால் ஒப்பந்தம் கணவரோடுதான், மனைவிக்கு இழப்பீடு கேட்க உரிமை இல்லை என்று தீர்ப்பானது. அந்த அநீதியை ஒழிக்க 1972 வரை சட்டங்களைத் திருத்த வேண்டியிருந்தது. வீட்டில் அதிக நேரம் இருப்பவர் கையெழுத்துப் போட்டவராக இருப்பதில்லை. ஏற்காட்டிலும் பகலெல்லாம் பின்சுவருக்குப் பக்கத்தில் துணி துவைப்பவர், அங்கே விளையாடும் பிள்ளை, திண்ணையில் படுக்கும் பெரியவர் இவர்கள் ஒப்பந்தத்தில் இல்லை. ஆகவே எச்சரிக்கை பீரோவுக்குள் போகும் தாளாக மட்டும் இருந்தால் பயனில்லை. வீட்டுக்குள் எல்லோரும் பார்க்கும் இடத்தில் தமிழில் ஒட்டியிருக்க வேண்டும்.

இதற்குப் புதிய சட்டம் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். 108-ஆவது பிரிவு உள்ளூர் வழக்கத்துக்கு இடம் தருகிறது. அந்த இடத்தை நல்லதற்கும் பயன்படுத்தலாம். ஏற்காடு மலைப்பகுதிப் பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட்டது. கட்டட அனுமதிக்கு ஏற்கெனவே தனிக் கெடுபிடிகள் உண்டு. வீட்டு வரி ரசீதோடும் தங்கும் விடுதிப் பதிவோடும் ஒரு பக்கப் படிவத்தை ஊராட்சி சேர்த்தாலே போதும்: போன மூன்று மழையில் இந்த மனையில் நடந்தது என்ன, எங்கே படுக்கக் கூடாது, எந்த வழியாக வெளியேறுவது, யாருக்குப் போன் செய்வது. அதுவரை குடிவருகிறவர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்றுதான். தண்ணீர், கரண்ட், அட்வான்ஸ் எல்லாம் பேசி முடித்த பிறகு, வீட்டுக்காரரைப் பின்பக்கம் அழைத்துப் போய்த் தடுப்புச் சுவர் முன்னால் நிறுத்திக் கேட்க வேண்டும்: “போன கார்த்திகையில இந்தத் துளையில என்னங்க வந்துச்சு?” அந்தக் கேள்விக்கு உண்மையான பதிலைப் பெறும் உரிமை 1882-லிருந்து அவருக்கு உண்டு.